பயிர்க் கழிவு கலந்த பிளாஸ்டிக்: 'பசுமை' என்று விற்கப்படும் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

மாட்டுங்கா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால், பூக்கடைகளையும் வாழையிலைக் கட்டுகளையும் தாண்டித்தான் போக வேண்டும். பூக்கட்ட இப்போது பெரும்பாலும் நூல்தான். ஆனால் தண்ணீரில் நனைத்த வாழைநாரில் சரம் கட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அந்த நாரை நீளவாட்டில் பிடித்து இழுத்தால் லேசில் அறாது.

அந்த உறுதி பிளாஸ்டிக் தொழிலின் கண்ணில் பட்டு ரொம்ப காலம் ஆகிறது. வாழைமட்டை, பருத்திமார், கோதுமைத் தாள், தேங்காய் மட்டை என்று அறுவடைக்குப் பிறகு மிஞ்சுவதில் இருக்கும் நாரை எடுத்து, நறுக்கி, உருக்கிய பிளாஸ்டிக்கில் கலந்தால் பிளாஸ்டிக் விறைப்பாகும். அதே அளவுக்குப் பிளாஸ்டிக்கும் குறைவாகத் தேவைப்படும். கார் கம்பெனிகள் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றன. இப்போது அது உங்கள் சமையலறைக்கும் வந்துவிட்டது. ஆன்லைனில் டிபன் பாக்ஸ் தேடிப் பாருங்கள். 'கோதுமை வைக்கோலில் செய்தது', 'இயற்கை நார்', 'மண்ணுக்கு நல்லது' என்று வெளிர் பழுப்பு நிறத்தில், மேலே சின்னச் சின்னப் புள்ளிகளோடு வரிசையாக வரும்.

நான் செம்பூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கிறது. அது உடைந்தால் எங்கே போகும் என்று யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி வந்தது. பயிர்க் கழிவையும் பிளாஸ்டிக்கையும் கலந்தால் இரண்டு பிரச்னை தீருமா, அல்லது மூன்றாவதாக ஒன்று கிளம்புமா? பதில் தேட மும்பையை விட்டு வெளியே போகத் தேவையில்லை. நாரைப் பற்றித் தெரிந்தவர்கள் மாட்டுங்காவிலும், பழைய பிளாஸ்டிக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் தாராவியிலும், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகள் செம்பூரை ஒட்டிய மாஹுலிலும் இருக்கிறார்கள். எல்லாமே பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள்.

கலப்பது எதற்கு?

மண் சுவர் எழுப்பும்போது நம்மூரில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பார்கள். வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும், வைக்கோல் அதைப் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் அதே வேலைதான். பிளாஸ்டிக் சுலபமாக இழுபடும், நார் அவ்வளவாக இழுபடாது. மேலே பாரம் விழும்போது பிளாஸ்டிக் அதை நாரிடம் தள்ளிவிடுகிறது.

தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு வழக்கமாகக் கண்ணாடி இழையைப் போடுவார்கள். வலிமையில் கண்ணாடி இழைக்குப் பக்கத்தில்கூட தாவர நார் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவர நாரின் பலம் எடை. கண்ணாடி இழையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 கிராம். தாவர நார்களுக்கு அது 1.3 முதல் 1.5 கிராம்தான். பாலிப்ரொப்பிலீன், அதாவது டிபன் பாக்ஸும் பக்கெட்டும் செய்கிற பிளாஸ்டிக், சுமார் 0.9 கிராம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 சதவீதம் பாலிப்ரொப்பிலீன், 30 சதவீதம் கண்ணாடி இழை என்று எடைக்கணக்கில் கலந்தால், ஒரு லிட்டர் பருமன் உள்ள பொருள் ஏறக்குறைய 1.12 கிலோ இருக்கும். கண்ணாடிக்குப் பதிலாக தாவர நார் போட்டால் 1.02 கிலோ. ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைவு. ஒரு டப்பாவுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒரு காரின் ஆயுள் முழுக்க அந்த எடையை இழுத்துக்கொண்டு ஓட பெட்ரோல் செலவாகும் என்பதால் கார் கம்பெனிக்கு இது முக்கியம். ஃபோர்டு நிறுவனம் 2010 மாடல் ஃபிளெக்ஸ் காரில், பின் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான் வைக்கும் பெட்டிகளை 20 சதவீதம் கோதுமைத் தாள் கலந்த பாலிப்ரொப்பிலீனில் செய்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய பொருள் அது. காரின் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கவனியுங்கள். அடி படாத, மழை படாத, பாரம் தாங்காத உள்பகுதி. நார் கலந்த பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும், ஆனால் கீழே போட்டால் வெறும் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் விரிசல் விடக்கூடும். தண்ணீர் பக்கெட்டுக்கு இது லாயக்குப்படாது.

இன்னொன்றும் உண்டு. நீளமான நாரைப் போட்டு, அது பிளாஸ்டிக்கோடு நன்றாக ஒட்டிக்கொண்டால்தான் 'வலுவூட்டல்'. மாவாக அரைத்துச் சும்மா கலந்தால் அதற்குப் பெயர் 'நிரப்பி'. இட்லி மாவில் உளுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டுகிற மாதிரிதான். அளவு கூடும், செலவு குறையும், வலு கூடாது. விளம்பரத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மாட்டுங்காவில் நூறு வருட வேலை

அடன்வாலா ரோட்டில் மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சுருக்கமாக சிர்காட். 1924இல், இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. புதிய பருத்தி ரகங்களை நூற்றுப் பார்த்து, நூல் தேறுமா என்று சொல்வதுதான் அன்றைய வேலை. 1966இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது, 1991இல் இன்றைய பெயர் கிடைத்தது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பலரும் அந்த கேட்டைத் தினமும் பார்த்துக்கொண்டே போவார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் "ஏதோ பருத்தி ஆபீஸ்" என்பார்கள்.

பஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இந்த நிறுவனம், பஞ்சு எடுத்த பிறகு வயலில் நிற்கும் செடியின் மேலும் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகிறது. கரிசல் பக்கத்துக்காரர்களுக்கு அது பருத்திமார், அடுப்பெரிக்க உதவும் சுள்ளி. அதன் அளவைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இந்தியாவில் பருத்தி பயிரிடும் பரப்பு, வருடத்தைப் பொறுத்து 1.1 முதல் 1.3 கோடி ஹெக்டேர். ஒரு ஹெக்டேரில் 2 முதல் 3 டன் பருத்திமார் மிஞ்சும். அப்படின்னா வருடத்துக்கு இரண்டரைக் கோடி டன் என்று வைத்துக்கொள்ளலாம். அதிகப் பரப்பில் பருத்தி போடும் மாநிலம் மகாராஷ்டிரா. இதில் ஒரு பகுதி அடுப்புக்குப் போகிறது, பெரும்பகுதி வயலிலேயே கொளுத்தப்படுகிறது.

கொளுத்துவதை விவசாயியின் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. பருத்தியை அழிக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, அறுவடைக்குப் பிறகு நிற்கும் செடியிலும் காய்ந்த காயிலும் ஒளிந்திருந்து அடுத்த பருவத்துக்குத் தாவும். 2017இல் விதர்பாவை அந்தப் புழு எப்படிப் படுத்தியது என்பது நினைவிருக்கும். செடியைச் சீக்கிரம் பிடுங்கி அப்புறப்படுத்தச் சொல்லி வேளாண் துறையே வலியுறுத்துகிறது. பிடுங்கியதை வாங்க ஆள் இல்லை என்றால், தீக்குச்சிதான் மலிவான வழி.

பருத்திமாரை வேதியியல் கண்ணால் பார்த்தால் அது கிட்டத்தட்ட மரம். செல்லுலோஸும் லிக்னினும்தான் அதன் உடம்பு. அதனால் சிர்காட் முதலில் போன வழி பலகை. குச்சியைச் சில்லுகளாக நறுக்கி, பிசின் கலந்து, சூட்டில் அழுத்தி பார்ட்டிகிள் போர்டு ஆக்குவது. வெளிநாட்டு நிதியுதவியோடு நாக்பூரில் இதற்கு முன்னோட்ட ஆலையும் அமைக்கப்பட்டது. 2015இல் மாட்டுங்காவிலேயே நானோசெல்லுலோஸ் முன்னோட்ட ஆலை தொடங்கப்பட்டது. பருத்தியின் குட்டை இழை போன்றவற்றில் இருக்கும் செல்லுலோஸை, கண்ணுக்கே தெரியாத நானோமீட்டர் அளவுக்குப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அந்த அளவுக்குப் பொடிசானால், மிகக் குறைவாகச் சேர்த்தாலே பிளாஸ்டிக்கும் காகிதமும் பெயிண்டும் வலுப்பெறும். அதன் உற்பத்தி கிலோ கணக்கில்தான். வயலில் கிடப்பதோ கோடி டன் கணக்கில். இந்த இடைவெளியைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மாட்டுங்காவில் 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது, பழையவர்களுக்கு அது யுடிசிடி. 1887இல் தொடங்கிய விஜேடிஐயும் இருக்கிறது. ஜவுளி, பாலிமர் இரண்டிலும் படித்தவர்கள் இத்தனை பேர் ஒரே பேட்டையில் இருப்பது இந்தியாவில் அபூர்வம்.

200 டிகிரி என்கிற கோடு

சரி, இவ்வளவு பேர் இருந்தும் இது ஏன் எளிதாக நடக்கவில்லை? முதல் காரணம் சூடு. பிளாஸ்டிக்கை வார்க்க வேண்டுமானால் உருக்க வேண்டும். ஆனால் தாவர நார் சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருக ஆரம்பிக்கும். பழுப்பாகும், தீய்ந்த வாடை வரும், வலு போகும். ஆக, 200 டிகிரிக்குக் கீழே உருகும் பிளாஸ்டிக்கில் மட்டும்தான் இதைக் கலக்க முடியும். பால் கேன், எண்ணெய் கேன் செய்யும் ஹெச்டிபிஇ சுமார் 130 டிகிரியில் உருகும். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரிக்குள். இரண்டும் தோதானவை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 250 டிகிரிக்கு மேல் தேவை. அதற்குள் நார் கரியாகிவிடும். ரயில்வே ஸ்டேஷனில் குவியும் பாட்டில்களில் வாழைநாரைக் கலந்து வார்க்கலாமே என்று யாராவது சொன்னால், இந்த ஒரு எண்ணைக் காட்டுங்கள்.

இரண்டாவது ஈரம். தாவர நார் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். தன் எடையில் பத்து சதவீதம்கூட ஈரமாக இருக்கலாம். அந்த ஈரம் 180 டிகிரி இயந்திரத்துக்குள் போனால் நீராவி. வார்த்த பொருளுக்குள் குமிழி குமிழியாக ஓட்டை விழும். ஆகவே கலப்பதற்கு முன் நன்றாக உலர்த்தியே ஆக வேண்டும். ஜூலை மாத மும்பையில் துவைத்த துணியை உலர்த்திப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டத்தை விளக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் ரொம்பச் சுவாரசியமானது. நாரும் பிளாஸ்டிக்கும் ஒன்றை ஒன்று விரும்பாது. நாரின் மேற்பரப்பு தண்ணீரோடு சேரும் வகை. பாலிப்ரொப்பிலீன் எண்ணெயின் வம்சம். ரசத்தின் மேல் நெய் தனியாக மிதக்கிற மாதிரி விலகி நிற்கும். ஒட்டாத நார், பாரம் வரும்போது உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, நாரை காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து மெழுகையும் லிக்னினையும் கழுவி எடுப்பது. 'மெர்சரைஸ்டு காட்டன்' சட்டை கேள்விப்பட்டிருப்பீர்கள். 1840களில் ஜான் மெர்சர் கண்டுபிடித்த அதே வித்தைதான். இன்னொன்று, மெலிக் அன்ஹைட்ரைடு சேர்த்த பாலிப்ரொப்பிலீனை 2 முதல் 5 சதவீதம் வரை கலப்பது. அதன் ஒரு முனை நாரைப் பிடிக்கும், வால் பகுதி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு பக்கத்துக்கும் வேண்டப்பட்டவர்.

வைத்தியம் இரண்டும் வேலை செய்யும். ஆனால் காஸ்டிக் சோடா கழிவுநீர் எங்கே போகும் என்று 'இயற்கை நார்' லேபிளில் எழுத மாட்டார்கள்.

தாராவியில் இது மிதக்குமா, மூழ்குமா?

மும்பையின் பழைய பிளாஸ்டிக் கணிசமாக வந்து சேரும் இடம் தாராவியின் 13 காம்பவுண்டு. நம்மூர் காயலான் கடைகள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் அடுக்கி வைத்தது போல இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தாராவியில் வேர் விட்ட தமிழர்கள் உண்டு. பிளாஸ்டிக் பிரிக்கும் வேலையில் இன்று உத்தரப் பிரதேசம், பிஹார் என்று பல ஊர்க்காரர்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூட்டை மூட்டையாக வரும் பிளாஸ்டிக்கை முதலில் நிறம் பார்த்து, தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்துப் பிரிப்பார்கள். சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தை லைட்டரில் கொளுத்தி, புகையை முகர்ந்து பார்ப்பார்கள். இது பாலிப்ரொப்பிலீன், இது ஏபிஎஸ் என்று மூக்கே சொல்லிவிடும். அந்த மூக்குக்கு ஆகும் கதி என்ன என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். பிறகு இயந்திரத்தில் துண்டு துண்டாக அரைத்து, தண்ணீர்த் தொட்டியில் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, உருக்கி, நூடுல்ஸ் போல இழுத்து, நறுக்கி, தானா ஆக்குவார்கள். தானா என்றால் குருணை. பொம்மை, குடம், பைப் செய்பவர்கள் அதை வாங்கிப் போவார்கள்.

இதில் தண்ணீர்த் தொட்டி ரொம்ப முக்கியம். தண்ணீரின் அடர்த்தி 1. பாலிப்ரொப்பிலீனும் ஹெச்டிபிஇயும் அதைவிட லேசு, மிதக்கும். பெட், பிவிசி இரண்டும் கனம், மூழ்கும். இயந்திரம் எதுவும் இல்லாமல் அடர்த்தியே பிரித்துக்கொடுக்கும் எளிய ஏற்பாடு.

இப்போது நம்ம பழுப்பு டப்பாவை அந்தத் தொட்டியில் போடுவோம். மேலே போட்ட கணக்கை மறுபடி எடுங்கள். 30 சதவீதம் நார் கலந்த பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி சுமார் 1.02. தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். மூழ்கும்! அதாவது தன் சொந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு பெட், பிவிசியோடு போய்ச் சேரும். பெட்டோடு சேர்ந்து 250 டிகிரிக்குப் போனால் நார் அங்கே கருகி மொத்தச் சரக்கையும் பாழாக்கும். நார் 20 சதவீதம் மட்டும் என்றால் அடர்த்தி சுமார் 0.97. மிதக்கும், பாலிப்ரொப்பிலீனோடு போகும். அதுவும் நிம்மதி இல்லை. வெள்ளைத் தானா செய்ய நினைத்தவரின் சரக்கில் பழுப்பும் தீய்ந்த வாடையும் ஏறும், விலை இறங்கும். தண்ணீர்த் தொட்டியில் ஊறிய நார் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், மொட்டை மாடி வெயில் அதற்குப் போதாது.

இது என் காகிதக் கணக்கு. நிஜத்தில் டப்பாவுக்குள் காற்றுக்குமிழி இருக்கலாம், சாயம் இருக்கலாம், எண் கொஞ்சம் மாறும். ஆனால் திசை மாறாது. நாரின் அளவு கூடக் கூட, ஒரு சுத்தமான பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்குக் கிடைக்கிற மறுவாழ்வு இதற்குக் கிடைப்பது கடினமாகிறது.

நியாயமாகச் சொன்னால், இந்தப் பாவம் தாவர நாருக்கு மட்டும் சொந்தமில்லை. டால்க் தூள், சுண்ணாம்புத் தூள், கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கும் மூழ்கும், அதுவும் தலைவலிதான். அதோடு, ஒரே மாதிரி நார் கலந்த கழிவு தனியாகச் சேர்ந்து வந்தால் அதை மறுபடி உருக்கி வார்க்க முடியும். ஒவ்வொரு தடவையும் நார் ஒடிந்து குட்டையாகும், நிறம் கருக்கும், இருந்தாலும் சில சுற்றுகள் தாங்கும். கார் தொழிற்சாலையின் வார்ப்புக் கழிவை அங்கேயே திரும்பப் போடலாம். வீடுகளிலிருந்து குப்பையோடு குப்பையாக வரும் டப்பாவுக்குத்தான் வழி இல்லை.

திருப்பிப் போட்டால் தாராவிக்கே இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. அங்கே வரும் கறுப்பு, பல நிறம் கலந்த பாலிப்ரொப்பிலீன் தானாவுக்கு விலை கம்மி. பழுப்பு ஏறினால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? அதில் நாரைக் கலந்து விறைப்பாக்கி, பூந்தொட்டி, சரக்கு வைக்கும் பேலட், வேலிக்கம்பம் என்று வார்க்கலாம். தரம் இறங்கிய பிளாஸ்டிக்குக்கு ஓரளவு உயிர் வரும். புதிய பிளாஸ்டிக்கில் நாரைக் கலப்பதைவிட எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஆனால் அதற்கு ஈரம் நீக்கும் இயந்திரமும், இரட்டைத் திருகு கொண்ட எக்ஸ்ட்ரூடரும், இடமும் வேண்டும். தாராவி மறுசீரமைப்புத் திட்ட ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றதிலிருந்து, எந்தத் தொழில் எங்கே போகும் என்ற பேச்சுதான் காம்பவுண்டில் பெரிது. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத பட்டறையில் யார் புது இயந்திரம் இறக்குவார்கள்?

ஒரு பழைய காரின் பாடம்

பருத்திக் கழிவு கலந்த பிளாஸ்டிக்குக்கு உலகத்தில் பெரிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார். இரும்புத் தகடு தட்டுப்பாட்டால், சோவியத் நாட்டுப் பருத்திக் கழிவைப் பீனால் பிசினோடு சேர்த்து அழுத்தி, டியூரோபிளாஸ்ட் என்ற பெயரில் அதன் வெளி உடம்பைச் செய்தார்கள். 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் கார்கள். துருப் பிடிக்காது, லேசானது. கேலி செய்தவர்களும் அதில்தான் போனார்கள்.

நாடு ஒன்றானதும் மக்கள் அந்தக் கார்களைத் தெருவில் விட்டுவிட்டு நல்ல கார் வாங்கப் போனார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத வகை. உருக்கவும் முடியாது, மண்ணில் மக்கவும் மக்காது, எரித்தால் நச்சுப்புகை. பருத்தி இயற்கையானது என்பதால் காரும் இயற்கையோடு கலந்துவிடவில்லை. பிசினின் குணம்தான் மொத்தப் பொருளின் குணமாக நின்றது.

பாலிப்ரொப்பிலீன் உருகும் வகை என்பதால் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் மக்கும் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். 30 சதவீதம் நார் என்றால் மீதி 70 சதவீதம் பெட்ரோலிய வம்சம். நார் ஓரளவு மக்கலாம், அதைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். என் வீட்டு மாடியிலிருந்து மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். அந்தப் பழுப்பு டப்பாவின் பெரும்பங்கு வாழைத்தோப்பைவிட அந்தப் புகைபோக்கிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கும்?

'வயலில் எரிப்பது நிற்கும்' என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் வாக்குறுதி. அதையும் கணக்கில் பார்த்துவிடுவோம். இந்தியா வருடத்துக்கு 60 லட்சம் டன்னுக்கு மேல் பாலிப்ரொப்பிலீன் பயன்படுத்துகிறது. கொஞ்சம் அதீதமாகவே கற்பனை செய்வோம். அவ்வளவு பிளாஸ்டிக்கிலும், ஒரு டப்பா விடாமல், 30 சதவீத அளவுக்கு நார் சேர்த்தால் தேவைப்படும் நார் ஏறக்குறைய 26 லட்சம் டன். பருத்திமார் மட்டுமே இரண்டரைக் கோடி டன் என்று பார்த்தோம். நெல், கோதுமை, கரும்பு, வாழை எதையும் சேர்க்கவே இல்லை. ஆக, நடக்கவே முடியாத இந்தக் கற்பனையிலும் பருத்திமாரில் பத்தில் ஒரு பங்குதான் தீரும்.

அடுத்தது போக்குவரத்து. பருத்திமாரை லாரியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரி நிறைந்துவிடும், எடைமேடையில் முள் நகராது. நாக்பூரிலிருந்து மும்பை சுமார் 800 கிலோமீட்டர். காற்றை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தால் டீசல் காசுகூடத் தேறாது. வயலிலேயே சில்லாக நறுக்க வேண்டும், பக்கத்து ஊரிலேயே ஆலை இருக்க வேண்டும். அதுவும் பருத்திமார் கிடைப்பது வருடத்தில் சில மாதங்கள்தான், ஆலையோ பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். மழைக்கு நனையாமல் சேமித்து வைக்கக் கொட்டகை வேண்டும்.

வாழை வேறு மாதிரி. ஒரு மரம் ஒரு தார்தான் போடும், பிறகு வெட்டித்தான் ஆக வேண்டும். ஜல்காவிலும் சரி, திருச்சியிலும் சரி, வருடம் முழுக்க மட்டை கிடைக்கும். நாரும் உண்மையிலேயே நீளமானது, வலுவானது. திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நார் எடுப்பதிலும் வேலை செய்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் மட்டையில் பெரும்பகுதி தண்ணீர். மலையளவு மட்டையை இயந்திரத்தில் கொடுத்தால் கைப்பிடியளவு நார் வரும். அந்த நாரைக் கைவினைப் பொருள் செய்பவர்களும் துணி நெய்பவர்களும் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் ஆலைக்காரர் அந்த விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, அவருக்குச் சுண்ணாம்புத் தூள் இருக்கிறது.

இன்னொரு போட்டியும் உண்டு. நிலக்கரியோடு 5 சதவீதம் பயிர்க்கழிவு உருளைகளையும் சேர்த்து எரிக்கச் சொல்லி அனல் மின் நிலையங்களுக்கு 2021 அக்டோபரில் மத்திய மின்துறை கொள்கை வகுத்தது. எரிப்பதற்கு நீளமான நார், சுத்தமான நார் என்ற எந்த நிபந்தனையும் இல்லை. விவசாயி யாரிடம் விற்பார் என்பது ஊகிக்கக் கஷ்டமில்லை.

உங்கள் கையில் இருக்கும் டப்பா

கடைசியாக, வீட்டில் இருப்பதை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். வாங்கியதை உடையும் வரை பயன்படுத்துவதுதான் இருப்பதில் நல்லது. ஆனால் ஒரு வகையைப் பற்றி எச்சரிக்கை தேவை. 'மூங்கில் கப்', 'மூங்கில் தட்டு' என்று விற்பதில் சில, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் கலந்து செய்தவை. இவற்றில் சூடான காபி, டீ ஊற்றிக் குடிக்கும்போது ஃபார்மால்டிஹைடும் மெலமைனும் அளவுக்கு மேல் இறங்கலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020இல் எச்சரித்தது. அதற்கு அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைச் சந்தையிலிருந்து அகற்ற ஒரு நடவடிக்கையே தொடங்கியது. பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் அந்தப் பிசின் இல்லை. எது எந்த வகை என்று பெட்டியில் தெளிவாக எழுதாவிட்டால், சூடான சாப்பாட்டுக்கு எவர்சில்வர் போதும்.

வாங்கும் முன் கேட்க உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. பசுமை என்று பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'இயற்கையானது' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, அதற்கு ஆதாரமும் விளக்கமும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நார் எத்தனை சதவீதம்? மீதி எந்த பிளாஸ்டிக்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத விளம்பரத்தை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இப்போது உங்கள் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். 7 என்றால் 'இதர வகை', அதாவது பிரிப்பவருக்கு உதவாத எண். எங்கள் வீட்டு டப்பாவில் வைக்கோல் படம் பெரிதாக இருக்கிறது, கதிர்கூட வரைந்திருக்கிறார்கள். எண்ணைத்தான் காணோம்.